செலண்டார் நிறுத்தத்தில் ஒரு பயணி

ஜனவரி முதல் வாரத்தில் எங்கள் பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபத்தில் துணைவேந்தர் உரை நடக்கும். துணைவேந்தர் நான்தான். போன ஆண்டு என்ன செய்தோம், இந்த ஆண்டு என்ன செய்யப் போகிறோம் என்று முக்கால் மணி நேரம் பேசுவேன். முன்வரிசையில் டீன்கள் தலையாட்டுவார்கள். பின்வரிசையில் இளம் விரிவுரைஞர்கள் மடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு குனிந்திருப்பார்கள். முடிந்ததும் எல்லோருக்கும் சாப்பிட நாசி லெமாக், கறிபாப். கறிபாப் தீர்ந்துவிடுமோ என்ற கவலையில்தான் கடைசிப் பத்து நிமிடம் மண்டபம் அவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

இந்த முறை சொல்லிக்கொள்ள நிறைய இருந்தது. தாதியர் பிரிவுக்குப் புது ஆய்வுக்கூடம் திறந்தோம். தர அங்கீகார அதிகாரிகள் மூன்று நாள் தங்கி, கோப்புகளை எல்லாம் புரட்டிப் பார்த்து, குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல், இரண்டாம் மாடிக் கழிவறையில் குழாய் ஒழுகுகிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். தஞ்சோங் கிளிங் கடலோரச் சாலையில் தண்ணீர் ஏறிய வாரத்தில்கூட எங்களுக்கு ஒரு வகுப்பும் நிற்கவில்லை. நான் இதையெல்லாம் சொன்னபோது கைதட்டினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நடுவில் ஒரு வரி வந்தது. "போக்குவரத்துச் சேவை சீரமைக்கப்பட்டது." அதற்கும் பழக்கதோஷத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள். போன ஆண்டில் நான் செய்த பெரிய தவறு அந்த ஒரு வரிக்குள்தான் கிடக்கிறது. மண்டபத்தில் சொல்ல வாய் வரவில்லை. எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களிடம் வெளியூர் மாணவர்களுக்காக இரண்டு பஸ் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று மஸ்ஜித் தானாவிலிருந்து வரும். இன்னொன்று செலண்டாரிலிருந்து. போன ஆண்டு பிப்ரவரியில் இரண்டிலும் கார்டு தட்டும் கருவி பொருத்தினோம். ஏறும்போது மாணவர் அட்டையைத் தட்டினால் 'டிங்' என்று ஒலிக்கும். எத்தனை பேர், எங்கே, எத்தனை மணிக்கு ஏறினார்கள் என்பது எங்கள் கணினிக்கு வந்துவிடும். கருவியைப் பரிந்துரைத்தது நான்தான். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. ஆனால் வரைபடத்தையும் எண்ணையும் காட்டினால் பச்சைப்பிள்ளைபோல் வாயை மூடிக்கொண்டு பார்ப்பேன். அது என் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஏப்ரலில் அந்த எண்கள் வந்தன. மஸ்ஜித் தானா பஸ்ஸில் நாள்தோறும் முப்பதுக்கு மேல். செலண்டாரில் ஒருவர். திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர், வாரம் முழுக்க ஒருவர். ஒரே ஒரு ஆளுக்காக நாற்பது இருக்கைப் பஸ் விடியற்காலை ஆறேகாலுக்குப் புறப்பட்டு மாநிலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வருகிறது.

கூட்டத்தில் துணை இயக்குநர் ஒருவர், நல்ல மனிதர், "புரோஃப், ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். காரணத்தை அங்கே சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். நான் செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது தெரியும். தன் ஊர் என்பதற்காகக் காலி பஸ்ஸை ஓட்டுகிறாள் என்று ஒருவர் வாயிலும் வரக்கூடாது. அதனால் மற்ற ஊராக இருந்தால் ஒரு வாரம் யோசித்திருக்கக்கூடியதை ஐந்து நிமிடத்தில் முடித்தேன். பஸ்ஸை நகரத்து விடுதிக்கு மாற்றினோம். ஓட்டுநரை மஸ்ஜித் தானா பஸ்ஸில் போட்டோம். மனசுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

மாணவர் அலுவலகத்துக்கு செலண்டார்ப் பிள்ளைகள் சிலர் வந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு ஆள்தான் ஏறுகிறார் என்று கணினியில் இருக்கிறதே என்று அங்கே இருந்தவர் சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சரி என்று போய்விட்டார்களாம். அத்தோடு அது முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

ஜூலையில் பரீட்சைக்குத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியல் கையெழுத்துக்கு வந்தது. வகுப்புகளில் நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே வருகை இருந்தால் பரீட்சை எழுத முடியாது. அதில் எங்களிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. பட்டியலில் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் ஒரு மேல்முறையீட்டுக் கடிதம் வந்தது. எழுதியவர் பாலர் கல்வி டிப்ளோமா இறுதியாண்டு மாணவி. வயது முப்பத்தெட்டு. செலண்டாரில் ஒரு பாலர் பள்ளியில் மதிய வகுப்புக்கு உதவியாளராக இருக்கிறார். காலையில் எங்களிடம் படித்துவிட்டு மதியம் அங்கே போய் நிற்பார். டிப்ளோமா இல்லாதவர்களை அடுத்த ஜனவரியிலிருந்து வைத்துக்கொள்ள முடியாது என்று பள்ளி நடத்துபவர் சொல்லிவிட்டாராம். கணவருக்குச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் லாரி வேலை. இரண்டு பிள்ளைகள். பஸ் நின்ற பிறகு இரண்டு பஸ் மாறி வருவதால் எட்டு மணி வகுப்புக்கு நேரத்துக்கு வர முடியவில்லை என்று சுத்தமான மலாயில் எழுதியிருந்தார்.

ஒரு ஆள் ஏறிய பஸ்ஸின் அந்த ஒரு ஆள் இவர்தான்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவரை வரச் சொன்னேன்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். புடவை இல்லை. பாலர் பள்ளியின் பச்சை டீ-சட்டை போட்டிருந்தார். இங்கிருந்து நேரே வேலைக்குப் போகிறார் என்று தெரிந்தது.

"செலண்டார்ல இருந்து நீங்க மட்டும்தானா வந்துக்கிட்டு இருந்தீங்கம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். பதினோரு பேரு."

கணினி எடுத்துக் கொடுத்த தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "இதுல ஒவ்வொரு நாளும் ஒரு ஆளுன்னுதான் இருக்கு. நீங்களே பாருங்க."

கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தேதியாக விரலை வைத்துப் பார்த்தார். முதலில் அவர் முகத்தில் ஆச்சரியம் இருந்தது. இரண்டாம் பக்கம் திருப்பும்போது அது போய்விட்டது. எதுவோ விளங்கிவிட்டது. விளங்கியதும் முகத்தைச் சாத்திக்கொண்டார்.

"மத்த பத்து பேரு எங்கம்மா போனாங்க?"

"தெரியல மேடம். நான்தான் தப்பா எண்ணியிருப்பேன்."

"சின்னப் பிள்ளைங்களுக்கு எண்ணச் சொல்லிக் குடுக்குறவங்க நீங்க" என்றேன்.

நக்கல்தான். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவர் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்.

"அப்பீல் வேணாம் மேடம். நான் அடுத்த வருஷம் எழுதிக்கிறேன்."

"அடுத்த வருஷம் வேலை இருக்காதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"பாத்துக்கலாம் மேடம்" என்று எழுந்துவிட்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

பொய் சொல்லி மாட்டிக்கொண்டதும் ஓடிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் காலை அது சரியாகப் படவில்லை. பொய் சொல்கிறவர் இன்னும் இரண்டு பொய் சேர்த்துச் சொல்லியிருப்பார், இல்லையென்றால் அழுதிருப்பார். இவர் நான் தாளைக் காட்டிய பிறகு தனக்கு வேண்டியதைத் தானே விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறார். வேறு யாருக்காகவோ விட்டுக்கொடுக்கிறார் என்று எனக்குப் பட்டது. மதியம் பஸ்கள் நிற்கும் கொட்டகைக்குப் போனேன். துணைவேந்தர் அந்தப் பக்கம் வருவது வழக்கமில்லை. சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் பஸ்ஸுக்குப் பின்னால் மறைந்தார்கள்.

செலண்டார் பஸ்ஸை ஓட்டிய அண்ணன் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஐஸ் தேநீரை உறிஞ்சிக்கொண்டு மஸ்ஜித் தானா பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பித்து வைத்திருக்கிறோம். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"உக்காருங்கண்ணே. செலண்டார்ல காலையில எத்தனை பேரு ஏறுவாங்க?"

"பத்து, பதினொன்னு இருக்கும் மேடம். மழை நாள்ல ஒண்ணு ரெண்டு கொறையும்."

"எல்லாரும் கார்டு தட்டுவாங்களா?"

"ஒருத்தர் தட்டுவாங்க. பஸ் வந்துச்சுன்னு ஆபீசுக்குத் தெரியணும்ல? மத்தவங்கள நான்தான் ஏறுங்க லா, உள்ள போய் உக்காருங்கன்னு சொல்லிடுவேன்." ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாத குரலில் சொன்னார். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"ஏண்ணே அப்படி?"

இதைக்கூடவா கேட்கிறாய் என்பதுபோல் என்னைப் பார்த்தார். "விடியாத நேரம் மேடம். பிள்ளைங்கள வரிசையா நிக்க வெச்சு, ஒவ்வொருத்தரா பேரு குடு, பேரு குடுன்னு... பெரட்டு மாதிரில்ல இருக்கு? நம்ம அப்பா அம்மா நின்னது பத்தாதா? படிக்கப் போற பிள்ளைங்களும் நிக்கணுமா?"

பெரட்டு என்றால் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பது. இருட்டோடு ஆபீஸ் முன்னால் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். கணக்கெழுதும் கிராணி புத்தகத்தில் குறித்துக்கொள்வார். இரண்டு நிமிடம் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிப் போக வேண்டியதுதான். என் அம்மா அப்படித் திரும்பி வந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. வீட்டில் அன்றைக்கு யாரும் அவரோடு பேச மாட்டோம். அந்த வரிசையைப் பார்த்து வளர்ந்த ஒருவர் பிள்ளைகளை அதில் நிறுத்த மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்திருக்கிறார். அதே வரிசையைப் பார்த்து வளர்ந்த நான் ஒரு கருவியை வாங்கி மாட்டிவிட்டு, பேர் கொடுக்காதவர்கள் இல்லவே இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறேன்.

"அந்த மெஷின் எதுக்குன்னு உங்ககிட்ட யாராச்சும் சொன்னாங்களா?"

"வெளியாளு ஏறாம இருக்கன்னு சொன்னாங்க. எனக்கு எல்லா மொகமும் தெரியும். வெளியாளு எங்கருந்து மேடம் வருவான்?" சிரித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "ஏன் மேடம், ஏதும் பிரச்சினையா?"

சொன்னேன். செலண்டார் பஸ் ஏன் நின்றது என்பதையும், பரீட்சை எழுத முடியாமல் போன அந்தப் பெண்ணைப் பற்றியும். தே ஐஸ் பையைப் பக்கத்தில் வைத்தார். அது சாய்ந்து படியில் ஒழுகியதை அவர் கவனிக்கவில்லை.

"காசு இல்லாம நிறுத்திட்டாங்கன்னு நெனச்சேன் மேடம். என்னாலயா?" என்றார். பிறகு, "அந்தத் தங்கச்சி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்றார்.

உங்களால் மட்டும் இல்லை என்று சொன்னேன். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

பரீட்சைக்கு ஐந்து நாள் இருந்தது. தடையை நீக்கும் அதிகாரம் எனக்குத் தனியாகக் கிடையாது. செனட்டைக் கூட்ட வேண்டும். அவசரக் கூட்டம் என்றதும் எல்லோரும் ஏதோ பெரிய விஷயம் என்று வந்து உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு மாணவியின் பெயரைச் சொன்னதும் இதற்கா என்று முகங்கள் தொங்கின. பதிவாளர், இவருக்கு விட்டால் நாளை எல்லோரும் பஸ்ஸைக் காரணம் சொல்வார்கள் என்றார். நியாயமான கேள்வி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன்.

"அந்த பஸ்ஸை நிறுத்தியது நான். நேரில் போய்ப் பார்க்கச் சொன்னபோது மறுத்ததும் நான். என் ஊர் என்பதால் மறுத்தேன். அங்கே பதினோரு பேர் இருந்திருக்கிறார்கள். தவறு என்னுடையது. அதற்கு அவர் பரீட்சை இழக்க வேண்டியதில்லை" என்றேன்.

இருபத்தாறு ஆண்டு உத்தியோகத்தில் ஒரு கூட்டத்தில் நான் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. குரல் கொஞ்சம் நடுங்கியது. யாரும் பார்க்காததுபோல் இருந்தார்கள். அதற்கு அவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். விட்டுப்போன வகுப்புகளைப் பரீட்சைக்குப் பிறகு ஈடுசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தார்கள். பஸ்ஸையும் திரும்ப ஓட்டலாம், ஆனால் அடுத்த பருவம் தொடங்கும்போதுதான் முடியும் என்றார்கள்.

கூட்டம் கலையும்போது போக்குவரத்துப் பிரிவின் தலைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். மென்மையாகப் பேசுகிற மலாய்க்காரர். ஓட்டுநருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாக வேண்டும், முறை அதுதான் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்தக் கடிதம் கோப்பில் ஏறினால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது என்பது அவருக்கும் எனக்கும் தெரியும். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். துணைவேந்தர்கள் அதிகம் சொல்கிற வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

அனுமதிக் கடிதம் அனுப்பியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். பரீட்சைக்கு முதல் நாள்தான் உறைத்தது. கடிதம் போய்விட்டது, பஸ் போகவில்லையே. காலை ஒன்பது மணிப் பரீட்சைக்கு அவர் எப்படி வருவார்? செலண்டாரிலிருந்து அன்றைக்குப் பரீட்சை எழுதுகிறவர்கள் நான்கு பேர் என்று பார்த்துச் சொன்னார்கள். நான்கு பேர் என் காரில் கொள்வார்கள். நானே வருகிறேன், பஸ் நிறுத்தத்தில் ஆறரைக்கு நிற்கச் சொல்லுங்கள் என்றேன். என் செயலாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆறரைக்கு இன்னும் வெளிச்சம் வரவில்லை. பெட்ரோல் நிலையத்தைத் தாண்டிய கடை வரிசையில் நான்கு பேரும் நின்றிருந்தார்கள். மூன்று சின்னப் பெண்கள், அவர்களோடு இவர். காரை நிறுத்தியதும் பின்கதவைத் திறந்து நான்கு பேரும் பின்னாலேயே ஏறினார்கள். ஒருத்தி மடியில் ஒருத்தி பாதி உட்கார்ந்திருக்கிறாள். என் பக்கத்து இருக்கை காலியாக இருக்கிறது.

"ஒருத்தர் முன்னால வாங்க."

"பரவால்ல மேடம், நாங்க அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இது என்ன கோழி லாரியா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் இவர்தான் இறங்கி வந்து முன்னால் உட்கார்ந்தார். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி நகரத்துச் சாலையில் ஏறும்வரை யாரும் பேசவில்லை. பின்னால் இருந்தவர்கள் குறிப்புகளை முணுமுணுத்துப் படித்துக்கொண்டு வந்தார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே? நானும் இந்தப் பக்கத்துத் தோட்டத்து லயத்துல பொறந்தவதான். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம்." கொஞ்சம் தயங்கினார். "அதான் மேடம் பயம். வேத்து ஆளா இருந்தா, சரி போகட்டும்னு விட்டுருவாங்க. நம்ம ஆளுன்னா, விட்டா மத்தவங்க என்ன சொல்வாங்களோன்னு இன்னும் கறாரா இருப்பாங்க. டிரைவர் அண்ணன் வேல போயிரும்னு நெனச்சேன்."

மரியாதைக் குறைவாக ஒரு எழுத்துகூட அதில் இல்லை. உள்ளதைச் சொன்னார். அழுகை வரும்போல் இருந்தது. கண்ணாடியில் பின்னால் வரும் லாரியைப் பார்க்கிற மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டேன். சிவப்பு விளக்கில் நின்றபோது, காலையில் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். சாப்பிட்டோம் என்றார்கள்.

எட்டரைக்கு முன்பே வளாகத்துக்கு வந்துவிட்டோம். சின்னப் பெண்கள் மூன்று பேரும் தேங்க்ஸ் மேடம் என்று சொல்லிவிட்டுப் பரீட்சை மண்டபத்துக்கு ஓடினார்கள். இவர் போகவில்லை. காரைச் சுற்றி என் பக்கம் வந்து நின்றார்.

"மேடம், அண்ணனுக்கு லெட்டர் குடுக்கப் போறாங்கன்னு சொல்றாங்க."

"குடுக்க மாட்டாங்க. நான் பாத்துக்கிறேன். நீங்க போய் எழுதுங்கம்மா."

"சரி மேடம்" என்றார். ஆனால் நகரவில்லை. மண்டபத்தின் கதவைத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். பைக்குள்ளிருந்து பரீட்சை அனுமதிச் சீட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். மூன்று ஆண்டு படித்த படிப்பு அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. என் வாய்வார்த்தை அவருக்குப் போதவில்லை. அதைச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை.

காரிலிருந்து இறங்கினேன். என் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை எடுத்து, கார் மூடியின்மேல் வைத்து, இந்த விஷயத்தில் ஓட்டுநர் மீது எந்த நடவடிக்கையும் இல்லை, பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் குறித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து என் கையெழுத்துவரை நிதானமாகப் படித்தார். படித்து முடித்து, மடித்துப் பையில் வைத்த பிறகுதான் பரீட்சை எழுதப் போனார்.